விற்பதா, இடம் விடுவதா?



முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கித் தெற்கே செல்லும் வீதியில், செம்மலையைக் கடந்ததும் வருவது நாயாறு. ஒரு புறம் கடல், மறு புறம் களப்பு, இடையே மணல். 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து ஞாயிறொன்றிலே அப்பகுதியிலுள்ள சிறு கோவிலொன்றிற் பூசை கண்டேன். அன்றைய சுவிசேஷம், செல்வந்தன் ஒருவன் யேசுவிடம் ஓடிவந்து நித்திய வாழ்வுக்கு வழி கேட்ட கதை. உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம் பின்னே வரும்படி அவர் சொல்ல, அவன் முகம் வாடித் திரும்பிப் போனான். மிகுந்த சொத்து அவனுக்கு இருந்தது.

பூசை முடிந்தபின் கோவில் விறாந்தையிலே ஒரு முதியவர் சுவாமியாரை மறித்துக் கேட்டார்:

"பாதர், நான் மூண்டு தரம் எல்லாத்தையும் விட்டிட்டு வெளிக்கிட்டனான். எண்பத்துநாலில ஒருக்கா, சுனாமிக்க ஒருக்கா, கடைசியா முள்ளிவாய்க்காலில. இனி எதை விக்கிறது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுவாமியாரும் சிரித்தார். ஆயினும் அந்தக் கேள்வி என்னுடன் வீடு வரை வந்தது. இன்றைய கிறிஸ்தவன் தன் உடைமையை ஏழைகளுக்காகத் துறக்கத்தான் வேண்டுமா? அதை வரலாற்றின் துணைகொண்டு இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் வேதாகமத்தையே பார்ப்போம். அந்தச் செல்வந்தனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்ன அதே யேசு, எரிக்கோ நகரத்துச் சக்கேயுவிடம் அப்படிச் சொல்லவில்லை. அந்த வரிவசூலிப்பான் தானாகவே பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னபோது அதனையே ஏற்றுக்கொண்டார். எருசலேமின் முதற் கிறிஸ்தவர்கள் காணிகளையும் வீடுகளையும் விற்று அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தார்கள். பர்னபா தன் வயலை விற்றார். அனனியாவும் விற்றான், ஆனால் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டினான். அவனைக் கண்டித்த இராயப்பர், விற்குமுன் அது அவனுடையதாகவே இருந்தது என்பதையும் எடுத்துச் சொன்னார். குற்றம் வைத்திருந்ததிலன்று, பொய்யிலே. பின்னர் சின்னப்பர் கொரிந்தியரிடம் எருசலேமின் ஏழைகளுக்காக நிதி கேட்டபோது, நீங்கள் வறியவராகுங்கள் என்று கேட்கவில்லை. இரு பக்கமும் சமநிலை உண்டாக வேண்டும் என்றே கேட்டார்.

ஆகவே ஒரே கட்டளை எல்லோருக்கும் ஒரே வடிவிற் கொடுக்கப்படவில்லை என்பது தெளிவு. ஆனால் இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எவரையும் அவர் சும்மா அனுப்பவுமில்லை.

திருச்சபையின் வரலாறு முழுவதும் இந்த இழுபறியைக் காணலாம். கி.பி. 200ஐ அண்டிய காலத்திலே அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து, இரட்சிக்கப்படும் செல்வந்தன் யார் என்ற வினாவுக்கென்றே ஒரு நூல் செய்தார். எல்லோருமே கையை வெறுமையாக்கிவிட்டால் பசித்தவனுக்குச் சோறு போடுவது யார் என்பது அவர் வாதம். பணத்தையன்று, பணத்தின் மேலுள்ள பற்றையே அறுக்க வேண்டும் என்றார். அந்த வாதத்துக்குள் ஒளிந்துகொள்வது செல்வருக்கு எளிது. 368ஆம் ஆண்டையொட்டிச் செசரியாவிலே பஞ்சம் வந்தபோது பசிலியார் அந்த ஒளிப்பிடத்தை அடைத்தார். களஞ்சியங்களைத் திறக்கச் செய்தார். பூட்டி வைத்த மேலதிக உணவும் உடையும் இல்லாதவனுக்கு உரியவை, அவற்றைக் கொடாதிருப்பது ஒருவகைக் களவு என்பது அவர் போதனையின் சாரம்.

அசிசி நகரத்துப் பிரான்சிஸ் 1226இல் இறந்தார். துணி வணிகரின் மகனாகிய அவர் உடுத்த உடையையும் தகப்பனிடம் கழற்றிக் கொடுத்தவர். அவர் இறந்து நூறாண்டு நிறையுமுன்னே, கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் உடைமை ஏதும் கொண்டிருக்கவில்லை என வற்புறுத்துவது வேதப்புரட்டு என்று பாப்பரசர் 22ஆம் அருளப்பர் 1323இலே தீர்ப்புக் கூறினார். வறுமையைக் கொண்டாடுவது எளிது, அதனை நிறுவனத்தின் விதியாக்குவது கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1967இலே பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் மக்களின் முன்னேற்றம் பற்றிய தமது சுற்றுமடலில், தனியுடைமை எவருக்கும் நிபந்தனையற்ற உரிமையன்று எனத் தெளிவாக எழுதினார்.

இனி எமது மண்ணுக்கு வருவோம். 1658இலே ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது, போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்க திருச்சபை தன் கோவில்களையும் சொத்துக்களையும் ஒருசேர இழந்தது. குருமார் துரத்தப்பட்டனர். இது இழப்பு, துறவன்று. இழந்தவர்கள் இரவிலே வீடுகளில் ஒளித்துச் செபம் சொன்னார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டு கழிந்து 1687இலே, கூலிக்காரனைப் போலக் கந்தலுடுத்து, வயிற்றோட்டத்தாற் சாகக் கிடந்த நிலையில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். அவர்தான் யோசேவாஸ் அடிகளார். கோவாவிலே நல்ல குடும்பத்திற் பிறந்து, குருவாகி, இருந்ததையெல்லாம் விட்டு வந்தவர். இது துறவு, இழப்பன்று. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருப்பினும், ஒன்றைப் பிறர் எம்மீது செய்கிறார்கள். மற்றதை நாமே செய்கிறோம்.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. எல்லாவற்றையும் துறந்து வந்த அந்த மனிதருக்குப் படுக்க ஒரு திண்ணையும் குடிக்கக் கஞ்சியும் தேவைப்பட்டன. அவற்றைக் கொடுத்தவர்கள் வீடும் அடுப்பும் உடையவர்கள். சில்லாலை மக்கள் அவரை வைத்துக் காத்தார்கள். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் வீடுகளுட் புகுந்து, செபத்துக்குக் கூடியிருந்தவர்களைக் கைதுசெய்து தண்டித்தார்கள். அடிகளார் அகப்படவில்லை. இடங் கொடுத்தவர்களே அகப்பட்டார்கள். அவர்கள் வீட்டை விற்கவில்லை. வீட்டைத் திறந்து வைத்தார்கள். அதற்கு விற்பதைவிடக் கூடிய விலை கொடுக்க வேண்டியிருந்தது. பின்னர் 1697இலே கண்டியில் அம்மைநோய் பரவி, நோயாளரை உறவினரே காட்டில் விட்டு ஓடியபோது, அடிகளார் அவர்களுக்குக் குடில் அமைத்துப் பராமரித்தார், இறந்தவரைப் புதைத்தார். 1711 ஜனவரி 16ஆம் திகதி அவர் இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வன்னிக்கு இன்னும் அண்மையான ஓர் உதாரணம் உண்டு. கரம்பொனிலே கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்த சொலமன் அருளானந்தம் டேவிட், வெளிநாட்டிலே பயின்று கென்யாவிலும் பணிபுரிந்த கட்டடக்கலைஞர். வசதியான வாழ்வு அவர் கைக்கெட்டியதாகவே இருந்தது. அதை விட்டு, மருத்துவர் இராஜசுந்தரத்துடன் சேர்ந்து வவுனியாவைத் தளமாகக் கொண்டு காந்தியம் இயக்கத்தை நடத்தினார். 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து கையிலொரு மூட்டையுடன் வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வன்னியிலே குடியேற நிலமும், பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலையும் தேடிக் கொடுப்பதே அந்த இயக்கத்தின் வேலை. கென்ற் பாம், டொலர் பாம் என்பவற்றிலும் அம்மக்கள் குடியமர்ந்தனர். 1983 ஏப்ரலிலே இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையிலே இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பி, மட்டக்களப்புச் சிறையுடைப்பின் பின் தமிழகம் சென்று, நெடுங்காலம் அங்கே எளிமையாக வாழ்ந்தார். திருமணமுமில்லை, சொத்துமில்லை. 2015இலே வன்னிக்குத் திரும்பிக் கிளிநொச்சியிற் காலமானார்.

டேவிட் ஐயா கோவிலின் பெயரால் இதைச் செய்யவில்லை. காந்தியின் பெயராற் செய்தார். ஆயினும் இருந்ததை விட்டு ஏழைகளின் பின்னே போனவர் என எமது நாட்டிலே ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன். அவர் அம்மக்களுக்குப் பிச்சை போடவில்லை. கால் ஊன்ற இடம் கொடுத்தார். அதே வேளை, வன்னியிலே வயலும் தோட்டமும் வைத்திருந்த நாங்கள் என்ன செய்தோம்? அம்மக்களைக் கூலிக்கு வைத்தோம். பல குடும்பங்கள் நெடுங்காலம் காணி உறுதியின்றியே எங்கள் வேலிக்கு வெளியே குடியிருந்தன. ஞாயிறு தோறும் ஒரே கோவிலில் முழந்தாளிட்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள். எங்கள் இழப்புகளை நாங்கள் பட்டியலிடும்போது இதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

நாயாற்றுக்குத் திரும்புவோம். இந்தக் கரையின் வழக்கு பழையது. மேற்குக் கரையிலே தென்மேல் பருவக்காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபப் பகுதி மீனவர்கள் இங்கே வந்து வாடியடித்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். அவர்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களின் மூத்த தலைமுறையிற் பலருக்குத் தமிழும் தெரியும். எங்கள் கடற்கரை மக்களிலும் கத்தோலிக்கர் பலர். இரு தரப்பும் அந்தோனியாருக்கு நேர்த்தி வைப்பவர்கள்.

1984 நவம்பர் 30ஆம் திகதி, அகதிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு அரசு கைதிகளைக் குடியமர்த்தியிருந்த கென்ற், டொலர் பாம்களை விடுதலைப் புலிகள் தாக்கினர். மறுநாள் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் சிங்கள மீனவக் குடியிருப்புகள் தாக்கப்பட்டுப் பலர் கொல்லப்பட்டனர். அதே டிசெம்பரிலே கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், நாயாறு முதலிய ஊர்களின் தமிழ்க் குடும்பங்கள் படையினரால் விரட்டப்பட்டு, உடுத்த உடையுடன் வெளியேறின. 2009இலே போர் முடிந்த பின்னரே அவர்கள் திரும்ப முடிந்தது. வந்து பார்த்தபோது கரையிலே வேறு வாடிகள் இருந்தன. பெரிய முதலும் பல படகுகளும் கொண்டு வந்தவர்களுக்கும், கடன்பட்டு ஒரு வலை வாங்கி வந்தவர்களுக்கும் ஒரே கரை. யாருக்கு அனுமதி, எத்தனை படகு என்ற பிணக்கு ஆண்டுதோறும் வளர்ந்தது. 2018 ஓகஸ்டிலே ஓரிரவு நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் தீக்கிரையாயின.

இந்தக் கரையிலே நின்றுகொண்டு, கிறிஸ்தவன் தன் சொத்தை விற்க வேண்டுமா எனக் கேட்டால் அந்தக் கேள்வியே மாறிவிடுகிறது. அந்த முதியவர் சிரிப்பு அடங்கியபின் சொன்னதை நான் இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை.

"விக்கச் சொல்லி ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ பாதர். இடம் விடச் சொல்லுங்கோ. அது காணும்."

நான் அறிந்தவரையில், கிளெமெந்துக்கும் பசிலியாருக்கும் இடையில் நின்ற வழக்குக்கு இதைவிடச் சுருக்கமான தீர்ப்பு இல்லை. செல்வந்தன் முகம் வாடிப் போனது பணம் போய்விடும் என்பதனால் மட்டுமன்று. அவன் வீட்டிலும் வயலிலும் வேறெவருக்கும் இடமில்லை என்பதனாலுமாகும். சக்கேயு திருப்பிக் கொடுத்தான். சில்லாலையார் கதவு திறந்தார்கள். டேவிட் நிலம் தேடிக் கொடுத்தார். இவர்கள் செய்தவை வெவ்வேறு. ஆனால் மற்றவன் வாழ்வதற்கு ஓர் இடம் உண்டானது மூன்றிலும் ஒன்றே.

கரைவலை இழுக்கும்போது கவனித்திருப்பீர்கள். சம்மாட்டிக்கு ஒரு பங்கு, தொழிலாளருக்கு ஒரு பங்கு. இவற்றுக்கு அப்பால், வழிப்போக்கனாக வந்து கயிற்றிற் கைவைத்தவனையும் கறிக்கு நாலு மீன் கொடாமல் அனுப்புவதில்லை. வலையை விற்றுப் பங்கிடும்படி எவரும் கேட்பதில்லை. வலையை விற்றால் நாளை எவருக்கும் மீனில்லை. ஆனால் கயிற்றிலே கைவைக்க வருபவனைத் தள்ளிவிடுபவன் அக்கரையின் அறத்தை மீறியவன். பத்துப் படகுடையவன் இரண்டைக் குறைத்து ஒரு படகுடையவனுக்குக் கரை விடுவதும், பல ஏக்கர் உடையவன் கூலிக் குடும்பத்துக்குக் குடியிருக்கும் நிலத்தை உறுதி எழுதிக் கொடுப்பதும், வெளிநாட்டுப் பணத்தாற் கோபுரம் உயர்த்தும் கோவில் அதில் ஒரு பகுதியை வலையிழந்தவனுக்கு வலையாக்குவதும் அந்த அறத்தைச் சேர்ந்தவையே. எல்லாவற்றையும் விட அழைக்கப்பட்டவர்கள் சிலர் எக்காலத்திலும் இருப்பார்கள். அவர்களைக் காட்டி மற்றவர்கள் தப்பிக்கொள்ள முடியாது.

ஞாயிறு வாசக ஒழுங்கின்படி அந்தச் செல்வந்தனின் சுவிசேஷம் மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும். அடுத்தது 2027 ஒக்டோபரில். அன்றும் அந்த முதியவர் விறாந்தையில் நிற்பார் என நம்புகிறேன். அதற்கிடையில் யாருக்காவது இடம் விட்டோமா என்று அவர் கேட்டால், நானும் நீங்களும் சொல்லத்தக்க ஒரு பதில் இருக்க வேண்டும்.