டைக்கிரி

வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை மூன்றையும் பனிக்கட்டியோடு குலுக்கி வடித்துத் தரும் கியூபக் கலவை மது. பெயர், கிழக்குக் கியூபாவில் சாண்டியாகோ நகருக்கு அருகிலுள்ள ஒரு கடற்கரைச் சிற்றூருடையது. ஸ்பெயின்-அமெரிக்கப் போரின்போது, 1898 ஜூன் 22 அன்று, அமெரிக்கப் படை இறங்கிய கரை அது.

அந்தப் பகுதி இரும்புச் சுரங்கத்தில் பொறியாளராக இருந்த அமெரிக்கர் ஜென்னிங்ஸ் காக்ஸ்தான் இதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். விருந்தாளிகள் வந்த நேரத்தில் ஜின் தீர்ந்துபோக, கையில் கிடைத்த ரம்மை எலுமிச்சையோடு கலந்தாராம். சுவையான கதை, நம்புவதுதான் கடினம். 1740இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னன், மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் கலக்க உத்தரவிட்டபோதே, வேண்டியவர்கள் எலுமிச்சையும் சர்க்கரையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். கியூப விடுதலைப் போராளிகளும் கரும்புச் சாராயத்தில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தவர்கள். கரும்பும் எலுமிச்சையும் விளையும் தீவில் இந்தக் கலவைக்கு ஒரு பொறியாளர் தேவைப்பட்டிருக்க மாட்டார். காக்ஸுக்குச் சேர வேண்டியது பெரும்பாலும் பெயர் வைத்த பெருமைதான்.

1909 வாக்கில் கடற்படை மருத்துவர் லூசியஸ் ஜான்சன் இதை வாஷிங்டனின் இராணுவ-கடற்படைச் சங்கத்துக்குக் கொண்டுபோனார். ஹவானாவின் எல் புளோரிடிட்டா மதுக்கூடத்தில் கான்ஸ்டான்டினோ ரிபலைகுவா, நொறுக்கிய பனிக்கட்டியோடு மிக்சியில் அரைக்கும் வகையைப் பிரபலமாக்கினார். அங்கே வாடிக்கையாளராக இருந்த எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே, சர்க்கரை இல்லாமல், ரம்மை இரட்டிப்பாக்கிக் கேட்டார்.

ரம் கரும்பிலிருந்து வருவதால் அதில் சர்க்கரை இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வடிக்கும்போது சர்க்கரை கலனிலேயே தங்கிவிடும். ஆல்கஹால்தான் மேலேறி வரும். வழக்கமான அளவு 60 மில்லி ரம், 20 மில்லி சாறு, இரண்டு சிறுகரண்டி சர்க்கரை. 40 சதவீத ரம் என்றால் அதில் சுமார் 19 கிராம் ஆல்கஹால். கிராமுக்கு 7 கலோரி வீதம் 130 கலோரிக்கு மேல். சர்க்கரை தருவது 30 கலோரி அளவே. ஆகவே ஹெமிங்வேயின் சர்க்கரையில்லாக் கோப்பைதான் கலோரி மிகுந்தது. அரைத்த வகையில் பழக்கூழும் இனிப்புப் பாகும் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும்.

புரதமும் நார்ச்சத்தும் இல்லையென்றே சொல்லலாம். வைட்டமின் சி சுமார் 6 மில்லிகிராம். கியூபாவின் சிறு எலுமிச்சையும் நம் ஊர் எலுமிச்சையும் ஒரே இனம். அதே 20 மில்லி சாற்றைத் தண்ணீரில் விட்டு உப்புப் போட்டுக் குடித்தாலும் அதே 6 மில்லிகிராம் கிடைக்கும்.