'ஸ்டடி' என்ற சொல்லின் பூர்வீகம்

"பிள்ளை வீட்டில் ஸ்டடி பண்ணுவதே இல்லை, சார்" எனப் பெற்றோர் முறையிடுவதுண்டு. அன்பர்களே, அச்சொல்லின் வரலாற்றை அறிந்தால் இம்முறையீடு வேறுவிதமாக ஒலிக்கும். இலத்தீன் 'ஸ்டுடியம்' பழைய பிரெஞ்சின் வழியே ஆங்கிலம் புகுந்து 'ஸ்டடி' ஆயிற்று. மூலத்தில் அதன் முதற்பொருள் படிப்பன்று, ஆர்வம், வேட்கை. வேட்கையை அதட்டி வரவழைக்க இயலுமா?

'ரீட்' என்பது பழைய ஆங்கிலத்தில் அறிவுரை கூறுதலையும் புதிர் விடுவித்தலையும்கூடக் குறித்தது. 'ரிடில்' அதன் உறவுச்சொல்லே. ஆழ்ந்தெண்ணுதலைச் சுட்டும் 'பாண்டர்', இலத்தீனில் எடைபோடுதல். தராசுமுள் அசைந்தடங்கும் வரை பொறுத்திருக்க வேண்டுமன்றோ!

'ஸ்கூல்' இன்னும் வியப்பானது. அதன் கிரேக்க வேரான 'ஸ்கொலே' ஓய்வுநேரத்தைக் குறித்தது. அந்நேரத்தில் நிகழ்ந்த அறிவுரையாடலும், பின்னர் அது நிகழ்ந்த கூடமும் அப்பெயர் பெற்றன. மாலைதோறும் டியூசனுக்கு ஓடும் ஆறாம் ஆண்டு மாணவர் இதனை நம்பமாட்டார்.