நிலக்கடலை எண்ணெயும் 200 மணி நேரமும்

ருடால்ஃப் டீசல் தம் இயந்திரத்தை நிலக்கடலை எண்ணெய்க்காகவே வடிவமைத்தார் என்ற கூற்று ஆண்டுதோறும் இத்தளத்தில் வலம்வருகிறது. பெட்ரோலிய நிறுவனங்கள் பின்னர் அவ்வுண்மையை மறைத்துவிட்டன என்பது அதன் வால். கருத்தரங்கக் கட்டுரைகளிலும் இது நுழைந்துவிட்டதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1893ஆம் ஆண்டுக் காப்புரிமையின் காலத்தில் டீசலின் கவனத்தில் இருந்த எரிபொருள்களுள் ஒன்று நிலக்கரித் தூள். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்ட இயந்திரம் ஓடியது பெட்ரோலியத்தில். நிலக்கடலை எண்ணெய் வருவது 1900இல், பாரிஸ் உலகக் கண்காட்சியில். அங்கும் அதை ஓட்டிக் காட்டியது ஆட்டோ நிறுவனம். தூண்டுதல் பிரெஞ்சு அரசினுடையது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையைக் கொண்டே அங்குள்ள இயந்திரங்களை இயக்கிவிட்டால் நிலக்கரியோ எண்ணெயோ கப்பலேற்ற வேண்டியதில்லை என்பது கணக்கு. இயந்திரம் சீராக ஓடியதென்றும், வேற்று எண்ணெயில் ஓடுகிறதென்பதைக் கண்டவர் சிலரே என்றும் 1912இல் டீசலே நினைவுகூர்ந்தார். ஆக, சூழலியலின் தொடக்கப் புள்ளியாக இன்று கொண்டாடப்படும் நிகழ்வு, பேரரசுச் சிக்கனத்தின் ஓர் அத்தியாயம்.

என் அக்கறை வேறொன்று. கண்காட்சியில் இயந்திரம் ஓடியது உண்மை. எவ்வளவு நேரம் ஓடியது என்பதே கேட்கப்படாத கேள்வி.

தாவர எண்ணெய் எரியும், அதில் ஐயமில்லை. தொல்லை அதன் தடிப்பில் தொடங்குகிறது. 40 பாகை செல்சியசில் டீசலைவிட அதன் பாகுத்தன்மை ஏறத்தாழ பத்து மடங்கு. இன்ஜெக்டரின் நுண்துளைகள் டீசலைப் பனிபோல் சிதறடிப்பதற்காக அமைந்தவை. கெட்டியான எண்ணெய் அவற்றினின்று பெருந்துளிகளாகவும் நீண்ட தாரையாகவும் பாய்கிறது. முழுதும் எரியாத பகுதி துளைமுனையில் கரியாகப் படிய, சிதறல் மேலும் கெடுகிறது. சிதறல் கெடக் கெடக் கரி மேலும் சேர்கிறது. பிஸ்டன் வளையங்கள் பிசின் பிடித்து அசைவிழக்கின்றன. சிலிண்டர்ச் சுவரில் வழியும் எண்ணெய் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி மசகு எண்ணெயுடன் கலக்கிறது. வெப்பமும் காற்றும் உலோகத் துகளும் அங்குச் சேர்ந்திருப்பதால், ஓவியர்களின் ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகுவதுபோல் அதுவும் பலபடியாகித் தடிக்கிறது. மசகு எண்ணெய் கூழானபின் தாங்கிகளுக்கு என்ன நேரும் என்பதை எந்த மெக்கானிக்கும் சொல்வார்.

இவற்றுள் ஒன்றும் முதல் நாளில் தெரிவதில்லை. வண்டி கிளம்புகிறது, புகையில் பலகாரக் கடையின் மணம் வருகிறது, உரிமையாளர் மகிழ்கிறார். 1982 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் வேளாண் பொறியாளர் சங்கம் கூட்டிய தாவர எண்ணெய் எரிபொருள் மாநாட்டில் மீண்டும் மீண்டும் பேசப்பட்டது இதுதான்: குறுகிய காலச் சோதனைகளில் தேறிய எண்ணெய்கள் நீண்ட ஓட்டத்தில், அதிலும் நேரடியாக உட்செலுத்தும் இயந்திரங்களில், தோற்றன. இயந்திர உற்பத்தியாளர் சங்கத்தின் 200 மணி நேரச் சோதனை வகுக்கப்பட்டதும் அக்காலத்தில்தான்.

ஆனால் 1982இல் இது புதிய அறிவன்று. 1937இலேயே பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷவான், பாமாயிலை ஆல்கஹாலுடன் வினைபுரியச் செய்து எஸ்டராக்கும் முறைக்குப் பெல்ஜியக் காப்புரிமை பெற்றிருந்தார். கிளிசரின் நீங்கினால் எண்ணெய் மெலியும். அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்சுக்கும் லூவெனுக்கும் இடையே ஒரு பேருந்து அதில் ஓடியது. (பாமாயிலின் பின்னால் காங்கோ இருந்ததைச் சொல்லத் தேவையில்லை.) போர்க்காலத்தில் இந்திய எண்ணெய்களைப் பற்றியும் 1942இல் பிரிட்டிஷ் தொழில்நுட்ப இதழொன்றில் ஆய்வுக் கட்டுரை வந்தது. போர் முடிந்து பெட்ரோலியம் மலிந்ததும் எல்லாம் அடுக்கில் ஏறின. 1973இல் விலை ஏறியபோது மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

பழைய கார்களின் கதை இங்கேதான் சேர்கிறது. 1970களின் மெர்சிடிஸ் 240டி, 300டி போன்ற வண்டிகள் தாவர எண்ணெய் ஆர்வலர்களிடம் பெரும்புகழ் பெற்றன. அவற்றில் எரிபொருள் முதலில் ஒரு முன்னறையில் எரிவதால் சிதறலின் குறை ஓரளவு பொறுக்கப்படும். வரிசைவகை பாஷ் பம்பும் வலுவானது. எரிபொருளாலேயே மசகிடப்படும் சுழல்வகைப் பம்புகள் குளிர்காலக் காலையில் கெட்டி எண்ணெயோடு மல்லுக்கட்டிப் பழுதாயின. விவரமறிந்தோர் இரண்டு தொட்டி வைத்தார்கள்: டீசலில் கிளப்பி, ரேடியேட்டர் வெந்நீரால் எண்ணெயைச் சூடாக்கியபின் மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் டீசலுக்குத் திரும்புவது. அதைச் செய்யாதவர்களின் வண்டிகள், பெரும்பாலும் கைமாறிய பின்னரே நின்றன என்பது என் ஊகம்.

2002இல் வேல்ஸின் லனெல்லி நகரில், பேரங்காடியில் வாங்கிய சமையல் எண்ணெயில் கார் ஓட்டியவர்களை அதிகாரிகள் புகைமணத்தைக் கொண்டு பிடித்தனர். குற்றம் எரிபொருள் வரி கட்டாதது. 2007இல் ஆண்டுக்கு 2,500 லிட்டர் வரை அங்கு விலக்கு வந்தது. அரசு ஆவணக் காப்பகத்தில் இவ்வழக்கின் தடம் கிடைக்கும். அக்கார்களின் பிஸ்டன் வளையங்களைப் பற்றி ஒரு வரியும் கிடைக்காது.

நம் நாட்டில் 2001ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்திய அறிவியல் கழகத்தின் உடுப்பி ஸ்ரீநிவாசாவும் குழுவினரும் கர்நாடகக் கிராமங்களில் புங்க எண்ணெயால் மின்னாக்கிகளை இயக்கினர். அதை மேற்கோள் காட்டிக் காருக்கும் பொருத்திப் பேசுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மின்னாக்கி ஒரே வேகத்தில், சூடேறிய நிலையில், மணிக்கணக்கில் ஓடுவது, கார் சந்தைக்குப் போய்த் திரும்பும், சிக்னலில் வெறுமனே உறுமி நிற்கும், சூடாகுமுன் அணைக்கப்படும். மேற்சொன்ன எல்லாக் கேடுகளும் பெருகுவது அந்நிலையில்தான்.

இத்துறையில் ஆய்வேடு எழுத நினைக்கும் மாணவர்கள் கண்காட்சி மலர்களோடு நின்றுவிடாமல், பணிமனைப் பதிவேடுகளையும் மசகு எண்ணெய் மாற்றிய தேதிகளையும் உதிரிபாகக் கடைகளின் ரசீதுக் கட்டுகளையும் தேடிப் பாருங்கள்.