குதிர் காத்த பூனை

வீட்டுப் பிராணிகளின் சரித்திரத்தில் பூனைக்குத் தனியிடம் உண்டு. ஆட்டையும் மாட்டையும் மனிதன் பிடித்துக் கட்டினான். நாயைத் தன் ஏவலுக்குப் பழக்கினான். பூனையோ தானாகவே வந்து சேர்ந்தது. மேற்கு ஆசியாவில் மனிதர் தானியம் விளைத்துச் சேமிக்கத் தொடங்கிய காலத்தில், தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்கு அருகே பூனை ஒன்றையும் புதைத்திருந்த செய்தி 2004-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உலகின் வீட்டுப் பூனைகள் அப்பகுதிக் காட்டுப்பூனையின் வழிவந்தவை என்பதை 2007-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டியது.

தமிழரும் பூனையைக் கூர்ந்து நோக்கியவர்களே. தொல்காப்பியத்தின் மரபியல், வெருகையும் எலியையும் அணிலையும் ஒரே வரிசையில் வைத்து, அவற்றின் இளமைப் பெயர் ‘குட்டி’ என்று வகுக்கிறது. பூனைக்குரிய ‘பூசை’ என்ற பெயரையும் குறிக்கிறது. மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பி, முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் செதுக்கி வைத்தான். கம்பரோ பாற்கடலை நக்கிக் குடித்துவிட எண்ணிய பூனைக்குத் தம்மையே ஒப்பிட்டு அவையடக்கம் கூறினார். பூனையின் கள்ளத்தையும் ஆசையையும் நம்மவர் நன்கறிவர். அறிந்தும் அதற்கு வீட்டில் இடம் கொடுத்தனர். காரணம், குதிரில் இருந்த தானியம்.

இந்த உறவு வெறும் தானியக் கணக்காக இல்லாமல் உயிர்க் கணக்காகவும் மாறிய பகுதி ஒன்று உண்டு. அது கோலார்ச் சீமை.

பாலாற்றின் மேல்பகுதியில், கோலார் தங்கவயலுக்கு அருகே உள்ளது பேத்தமங்களா. விஜயாதித்யமங்கலம் என்ற பழம் பெயருடைய ஊர் இது. இவ்வூர்ப் பெரிய ஏரியின் நீர் நெடுங்காலம் தங்கச் சுரங்க நகரின் தாகத்தைத் தணித்தது. வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் செல்லும் அதே ஆற்றின் நீர்தான் அது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்க வேலையை ஏற்றபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து தமிழ் மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கே சென்றனர். மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகளில் நெருங்கி வாழ்ந்தனர். கேழ்வரகு மூட்டை வந்த இடத்துக்கு எலியும் வந்தது. நாம் பூனை என்பதைக் கன்னடத்தார் ‘பெக்கு’ என்பர். தெலுங்கர் ‘பில்லி’ என்பர். மூன்று மொழிகளும் கலந்து வழங்கும் அச்சீமையில் மூன்று பெயர்களுக்கும் வேலை ஒன்றுதான்.

1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய், 1898-இல் பெங்களூரை அடைந்தது. மக்கள் வீடுகளைத் துறந்து வெளியிடங்களில் கொட்டகை போட்டுத் தங்கினர். பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் மாரியம்மன் ‘பிளேக் அம்மன்’ என்ற பெயரில் கோயில் கொண்டதும் அக்காலத்து அச்சத்தின் சான்றேயாகும். நோய்க் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் எர்சான் கண்டறிந்திருந்தார். எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி வழியே அது மனிதரை அடைகிறது என்பதை 1898-இல் கராச்சியில் சைமாண்ட் என்ற பிரெஞ்சு வைத்தியர் சோதனையால் காட்டினார். வீட்டில் எலி செத்து விழுந்தால் வீட்டைவிட்டு ஓடவேண்டும் என்று கிராமத்து மக்கள் கொண்டிருந்த அனுபவ அறிவுக்கு இவ்வாறு விளக்கம் கிடைத்தது.

அப்போதுதான் பூனையின் பெருமை வைத்திய உலகில் பேசப்பட்டது. அமராவதியில் அரசாங்க வைத்தியராக இருந்த புக்கானன் என்பவர், பூனைகள் மிகுந்த கிராமங்களைப் பிளேக் அதிகம் தீண்டவில்லை என்று 1908-இல் எழுதினார். பூனை வளர்ப்பதே நோய்த் தடுப்பு என்பது அவர் கொள்கை. வீட்டில் பூனை இருந்தால் எலி அண்டாது. எலி அண்டாவிடில் தெள்ளும் அண்டாது. கேட்பதற்கு எத்துணை எளிய நியாயம்!

ஆயினும் உண்மை அத்துணை எளிதன்று. நோயுற்ற எலியைத் தின்ற பூனைக்கும் பிளேக் வரும். அவ்வாறு நோயுற்ற பூனையிடமிருந்து மனிதருக்கு நோய் தொற்றியதை 1977 முதல் அமெரிக்க வைத்தியர்கள் பதிவு செய்துள்ளனர். காவலனே நோயைச் சுமந்து வரவும் கூடும். ஆகவே பூனையை நம்பிச் சுகாதாரத்தைக் கைவிடுவது, காவற்காரனை நம்பிக் கதவைத் திறந்து வைப்பதை ஒக்கும்.

கோலார்ச் சீமைக்கு இது பழங்கதையன்று. இந்தியாவில் 1994-க்கு முன், பரிசோதனைச்சாலையில் உறுதி செய்யப்பட்ட கடைசிப் பிளேக் நோய் 1966-இல் பேத்தமங்களாவுக்கு அண்மையிலுள்ள முல்பாகலில் காணப்பட்டது. கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என்ற மூன்று மாநிலங்களும் கூடும் அப்பகுதியின் வயல் எலிகளைச் சுகாதாரத் துறையினர் அதன்பின்னும் கண்காணித்து வந்தனர். இருபத்தெட்டு ஆண்டுகள் மறைந்திருந்த நோய் 1994-இல் மகாராஷ்டிரத்துப் பீடு ஜில்லாவிலும், குஜராத்தின் சூரத் நகரிலும் மீண்டும் தலைகாட்டியது. நோய் மறைந்தது என்பது வேறு. அழிந்தது என்பது வேறு.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. பலர் வேலை தேடி வெளியூர் சென்றனர். இன்று பெங்களூரிலோ பம்பாயிலோ தில்லியிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தில் குதிரும் இல்லை. கேழ்வரகு மூட்டையும் இல்லை. பூனை மட்டும் உண்டு. அன்று உழைத்து உண்ட காவலன், இன்று மடியில் உறங்கும் செல்லப் பிள்ளையாகிவிட்டது. இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் பழைய உடன்படிக்கையின் ஒரு பாதி இப்போது நம்மைச் சேர்ந்தது. அன்று பூனை நம் வீட்டைக் காத்தது. இன்று பூனையைத் தெள்ளின்றிக் காப்பதும், அதற்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவிப்பதும், எலிக்கு இடந்தராமல் குப்பையை அகற்றுவதும் நம் கடமைகளாகும். அழையாமல் வந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கூலி கேளாமல் உழைத்த ஓர் உயிருக்கு இவ்வளவேனும் நாம் செய்யலாமன்றோ?