ஆங்கில மொழித் தகுதித் தேர்வு

ஆங்கில மொழித் தகுதித் தேர்வு என்பது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராத ஒருவர் வெளிநாட்டில் கல்வி கற்கவோ பணியாற்றவோ தேவையான அளவு அம்மொழியை அறிந்துள்ளாரா என மதிப்பிடும் தேர்வு ஆகும். ஐஇஎல்டிஎஸ், டோஃபெல், பிடிஈ, ஓஈடி ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இத்தேர்வுகளில் பொதுவான தேர்ச்சி, தோல்வி என்ற பிரிவு இல்லை. தேர்வு நடத்தும் நிறுவனம் மதிப்பெண்ணை மட்டுமே அளிக்கிறது. அம்மதிப்பெண் போதுமா என்பதைப் பல்கலைக்கழகம், தொழில்முறை மன்றம், குடிவரவுத் துறை ஆகியவை தனித்தனியே முடிவு செய்கின்றன.

வரலாறு

மொழி அறிவைக் குடிபெயர்வுக்கு நிபந்தனையாக்கும் வழக்கம் தற்காலத் தேர்வுகளுக்கு முற்பட்டது. சென்னையிலிருந்து 1860 ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சென்ற நேட்டாலில், 1897 ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் புதிதாக வருவோர் ஐரோப்பிய மொழி ஒன்றின் எழுத்தில் விண்ணப்பம் எழுத வேண்டும் என விதித்தது. தமிழிலோ குசராத்தியிலோ எழுத வல்லவராயினும் அது கணக்கில் கொள்ளப்படவில்லை. தோட்டங்களுக்குத் தேவைப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளருக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஆத்திரேலியா 1901 இல் ஐம்பது சொற்கள் கொண்ட சொல்வதெழுதுதல் தேர்வைக் கொண்டுவந்தது. எம்மொழியில் தேர்வு என்பதை அதிகாரியே தெரிவு செய்யலாம் என்பதால், விரும்பாதவரைத் தடுக்கும் கருவியாக அது பயன்பட்டது. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது கைவிடப்பட்டது.

கல்வி நோக்கிலான தேர்வுகள் 1960களில் தோன்றின. ஐக்கிய அமெரிக்காவில் டோஃபெல் 1964 இல் முதன்முதலாக நடத்தப்பட்டது. பிரித்தானியக் கவுன்சில் 1965 முதல் தனக்கென ஒரு தேர்வைப் பயன்படுத்தியது. அதன் இடத்தில் 1980 இல் வந்த ஈஎல்டிஎஸ், ஆத்திரேலிய நிறுவனமான ஐடிபியும் இணைந்த பின் 1989 இல் ஐஇஎல்டிஎஸ் ஆனது. டோஃபெல் 2005 முதல் இணையவழியிலும் நடத்தப்படுகிறது. பியர்சன் நிறுவனத்தின் பிடிஈ 2009 இல் தொடங்கியது.

முதன்மைத் தேர்வுகள்

* ஐஇஎல்டிஎஸ்: 0 முதல் 9 வரை, அரைப் புள்ளி இடைவெளியுடன் மதிப்பிடப்படும். உயர்கல்விக்கான வகை, பொதுப் பயிற்சி வகை என இரு வகைகள் உள்ளன. கேட்டலும் பேசுதலும் இரண்டிற்கும் பொது. படித்தலும் எழுதுதலும் வேறுபடும்.
* டோஃபெல்: நெடுங்காலம் 120 புள்ளிகளுக்கு மதிப்பிடப்பட்டது. 2026 சனவரி முதல் 1 முதல் 6 வரையிலான அளவு நடைமுறைக்கு வந்துள்ளது.
* பிடிஈ: 10 முதல் 90 வரை மதிப்பெண் தரப்படும். கணினியில் எழுதி, கணினியிடமே பேசும் முறை கொண்டது.
* ஓஈடி: மருத்துவர், செவிலியர் முதலான 12 உடல்நலத் தொழிலினருக்குரியது. நோயாளியுடன் உரையாடுதல், பரிந்துரை மடல் எழுதுதல் போன்ற தொழில்சார் பணிகள் இதில் இடம்பெறும்.

மதிப்பெண்ணும் குறைந்தபட்ச அளவும்

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நான்கு பகுதிகளின் சராசரியே மொத்த மதிப்பெண். ஆயினும் பல அமைப்புகள் மொத்தத்துடன் நிறைவடைவதில்லை. எடுத்துக்காட்டாக, ஐக்கிய இராச்சியத்தின் செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் மன்றம், எழுதுதலில் 6.5, ஏனைய மூன்றிலும் 7 எனப் பகுதிவாரியாகக் கேட்கிறது. ஒருவர் கேட்டலில் 7.5, படித்தலில் 7.5, பேசுதலில் 7, எழுதுதலில் 6 பெற்றால் சராசரி 7 ஆகும். எனினும் அந்த ஒரு தேர்வைக் கொண்டு மட்டும் அவர் மன்றத்தின் நிபந்தனையை நிறைவு செய்ய இயலாது. அதே மதிப்பெண்ணை ஒரு பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளக்கூடும். ஆகவே, தேர்வைத் தெரிவு செய்யுமுன் எந்த அமைப்பு, எந்த வகை, ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு என்பவற்றை அறிதல் இன்றியமையாதது. மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுகள் மட்டுமே செல்லுபடியாகும்.

சென்னையில்

தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு, அண்ணா சாலை ஆகிய பகுதிகளில் பயிற்சி நிலையங்களும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையங்களும் மிகுதியாக உள்ளன. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகமும், அடையாற்றை அடுத்து இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அமைந்திருப்பதால் பொறியியல் மாணவர்களிடையே இத்தேர்வுகள் நன்கு அறிமுகமானவை. 2021 இல் பிரித்தானியக் கவுன்சில் தன் இந்திய ஐஇஎல்டிஎஸ் பணியை ஐடிபிக்கு விற்றது. அதன்பின் இந்தியாவில் இத்தேர்வை ஐடிபி நடத்துகிறது. பயிற்சி நிலையங்களுக்கு மதிப்பெண் வழங்கும் உரிமை இல்லை.

ஆங்கில வழியில் பட்டம் பெற்றோருக்குச் சில பல்கலைக்கழகங்கள் தேர்விலிருந்து விலக்களிக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணை ஏற்கும் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களும் உள்ளன. இவ்விலக்கு தொழில்முறை மன்றங்களைக் கட்டுப்படுத்தாது.

தமிழ் பேசுவோரும் ஆங்கிலத் தேர்வும்

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் தொடரின் இறுதியில் வரும்; பெயரை விளக்கும் எச்சத்தொடர் பெயருக்கு முன் வரும். ஆங்கிலத்தில் இவ்வமைப்பு தலைகீழானது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் முன் வரும் சுட்டுச் சொற்களுக்கு நேரான இலக்கணக் கூறு தமிழில் முழுமையாக இல்லை. எனவே எழுதுதல் பகுதியில் இவற்றை விடுதலும் மிகையாக இடுதலும் நேர்கின்றன. ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் இலக்கணம் நான்கு அளவைகளுள் ஒன்று மட்டுமே. வினாவுக்கு முழுமையாக விடையளித்தல், கருத்துகளின் ஒழுங்கு, சொல்வளம் ஆகியவை மற்றவை. மனப்பாடம் செய்த கட்டுரை வினாவுடன் பொருந்தாவிடில் மதிப்பெண் குறையும்.

சர்ச்சை

2014 இல் பிபிசி தொலைக்காட்சி, இலண்டன் மையங்களில் டோயிக் தேர்வில் ஆள்மாறாட்டம் நடந்ததை வெளிப்படுத்தியது. தேர்வை நடத்திய ஈடிஎஸ் நிறுவனம், 2011 முதல் ஐக்கிய இராச்சியத்தில் நடந்த ஏறத்தாழ 58,000 தேர்வுகளுள் பெரும்பாலானவற்றைச் செல்லாதவை அல்லது ஐயத்திற்குரியவை என வகைப்படுத்தியது. இதனடிப்படையில் இந்தியர் உட்பட ஆயிரக்கணக்கான மாணவர்கள் விசாவை இழந்தனர். தாம் நேர்மையாகவே எழுதியதாக வழக்காடிய சிலர் பல ஆண்டுகளுக்குப் பின் வென்றனர். ஒரு தேர்வுத் தாளின் மீது ஒருவருடைய படிப்பும் வாழ்விட உரிமையும் முழுவதும் சார்ந்திருப்பதன் இடரை இந்நிகழ்வு காட்டியது.