தம் மின்சாரம், பொது வழி

நெய்யாற்றங்கரை வட்டத்தின் கிழக்கோரத்தில், தமிழகத்தின் எல்லையை ஒட்டி அமைந்த ஊர் வெள்ளறடை. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் வட்டங்கள் சென்னை இராச்சியத்துடன் இணைந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. அதனால் வெள்ளறடைத் தமிழர் தம் ஊரிலேயே இருந்துகொண்டு வேற்று மாநிலத்தவர் ஆயினர். எல்லைக்கு அப்பால், மலைப்புறத்தில் கோதையாற்று மின் நிலையங்கள் உள்ளன. தென்கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்கின்றன. அக்காற்றாலைகளுள் பல, தொலைதூர நூற்பாலைகளுக்குச் சொந்தமானவை. ஆலை ஓரிடம், காற்றாடி வேறிடம். இடையே உள்ள கம்பி வேறொருவருடையது. அக்கம்பிக்கு என்ன கூலி தருவது? இக்கேள்வியின் வரலாற்றையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

நம் நாட்டில் பொதுமின்சாரம் பரவுவதற்கு முன்பே சொந்த மின்சாரம் தோன்றிவிட்டது. நீலகிரியில் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகக் காட்டேரி அருவியிலும், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் தேவைக்காக அம்மலையிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிறு நீர்மின் பொறிகள் இயங்கின. பின்னரே பைக்காரா (1932), மேட்டூர் (1937), பள்ளிவாசல் (1940), பாபநாசம் (1944) என அரசாங்கத்தின் பெருநிலையங்கள் எழுந்தன. 1948ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டம் மாநிலந்தோறும் மின்சார வாரியம் அமைய வழி செய்தது. 1957இல் சென்னை மாநிலத்திலும் கேரளத்திலும் வாரியங்கள் பிறந்தன. அச்சட்டத்தின்படி, ஒருவர் புதிதாக மின் நிலையம் அமைக்க வேண்டுமாயின் வாரியத்தின் இசைவு பெற வேண்டும். சொந்த மின்சாரம் என்பது உரிமையாக இல்லாமல், கேட்டுப் பெறும் சலுகையாகவே நெடுங்காலம் இருந்தது.

அந்நிலையை மாற்றியது காற்று. 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் செயல்விளக்கமாகக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. தொண்ணூறுகளில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளில் தனியார் காற்றாலைகள் பெருகின. மின்வெட்டினால் அல்லலுற்ற ஆலை முதலாளிகள் கணவாயில் காற்றாடி நிறுவி, அம்மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியே தம் ஆலைக்குக் கொணர விரும்பினர்.

இங்கே ஒரு நுட்பத்தை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். முப்பந்தலில் செலுத்திய அதே மின்சாரம் கோவைக்குப் போய்ச் சேர்வதில்லை. ஏரியின் ஒரு கரையில் ஒருவர் பத்துக் குடம் நீர் ஊற்றி, மறு கரையில் பத்துக் குடம் முகப்பது போன்றதே இது. ஊற்றிய நீரும் முகந்த நீரும் ஒன்றல்ல. கணக்கு மட்டுமே ஒன்று. இதனை ஆங்கிலத்தில் ‘வீலிங்’ என்பர். மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள நமக்கு இச்சொல் சிறிது இடர் தருவதே. ‘மின்கடத்தல்’ என்றெழுதினால் திருட்டுப் பொருள் தொனிக்கிறது. ‘வழிக்கூலி’ என்றால் பொருள் விளங்குகிறது.

வழிக்கூலியினும் சிக்கலானது ‘பேங்கிங்’ எனும் இருப்பு வைப்பு. தென்மேற்குப் பருவத்தில், ஏறத்தாழ வைகாசி முதல் புரட்டாசி வரை, கணவாயில் காற்று ஓயாது வீசும். பிற மாதங்களில் தணிந்துவிடும். ஆலைக்கோ ஆண்டு முழுதும் மின்சாரம் வேண்டும். ஆகவே மிகுந்த காலத்தில் செலுத்திய அலகுகளைக் கணக்கில் வைத்து, குறைந்த காலத்தில் எடுத்துக்கொள்ள வாரியம் இசைந்தது. தன் நெல்லை அயலார் பத்தாயத்தில் கொட்டி வைத்து, வேண்டும்போது அளந்து வாங்குவதை ஒத்தது இது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மின்சார வாரியத்திடம் உண்மையில் பத்தாயம் கிடையாது. காற்று வரும்போது தன் அனல் நிலையத்தைத் தணித்துக்கொள்ளவும், ஆலை கேட்கும்போது அதனைப் பெருக்கவோ வெளியில் விலைக்கு வாங்கவோ வாரியம் கடமைப்படுகிறது. மலிவான காலத்தில் கொடுத்ததை அருமையான காலத்தில் திருப்பிக் கேட்டால், இடைவெளியின் செலவை யார் ஏற்பது?

விடை காலந்தோறும் மாறியுள்ளது. 2006இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், காற்றாலை மின்சாரத்தில் வழிக்கூலியாக 5 விழுக்காடும், இருப்புக் கட்டணமாக 5 விழுக்காடும் மின்சாரமாகவே பிடித்துக்கொள்ள விதித்தது. 2012இல் இருப்புக் கட்டணம் அலகுக்கு 94 காசு என ரொக்கமாக மாறியது, வழக்காடலும் நேர்ந்தது. 2016இல் அது 12 விழுக்காடாகவும், 2018இல் 14 விழுக்காடாகவும் மீண்டும் மின்சார அளவில் வகுக்கப்பட்டது. பெருகிவந்த இவ்வெண்களுக்குப் பின்னால், தொடக்கத்தில் ஊக்கம் தேவைப்பட்ட குழந்தைத் தொழில் வளர்ந்துவிட்டது என்ற வாதமும், பழைய வாக்குறுதியை நம்பி முதலிட்டோமே என்ற முறையீடும் எதிரெதிரே நிற்கின்றன.

இதனிடையே 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் பழைய சலுகையை உரிமையாக்கியது. சொந்த மின் நிலையத்திற்கு உரிமம் வேண்டா என்றும், அதன் மின்சாரத்தைத் தன் பயன்பாட்டிடத்திற்குக் கொண்டுசெல்லப் பொதுக்கம்பியைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம் என்றும் அது கூறியது. 2005ஆம் ஆண்டின் விதிகள், பயன்படுத்துவோர்க்கு நிலையத்தில் 26 விழுக்காட்டிற்குக் குறையாத உடைமையும், ஆண்டு உற்பத்தியில் 51 விழுக்காட்டிற்குக் குறையாத நுகர்வும் வேண்டும் என வரையறுத்தன. ஏழை நுகர்வோர்க்காகப் பெருநுகர்வோரிடம் பெறும் மிகைக்கட்டணம் இவர்களுக்கு இல்லை. கூடுதல் மிகைக்கட்டணமும் இவர்களைச் சாராது என 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர வழக்கொன்றில் தீர்ப்பளித்தது.

கேரளமும் இப்பாதைக்குப் புறம்பன்று. பத்தனம்திட்டை மாவட்டத்து மணியாறில் கார்போரண்டம் யூனிவர்சல் நிறுவனம் 12 மெகாவாட் நீர்மின் நிலையம் அமைத்து, 1994 முதல் எர்ணாகுளம் பகுதியிலுள்ள தன் ஆலைகளுக்கு வாரியத்தின் கம்பி வழியே மின்சாரம் பெற்றது. முப்பது ஆண்டுத் தவணை 2024இல் முடிந்தபோது, நிலையம் யாரைச் சேரும் என்ற விவாதம் எழுந்தது. அதே ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில், தம் மின்சாரத்தைத் தாமே ஆக்கி நுகர்வோர் மீதான தீர்வையை, 1963 முதல் மாறாதிருந்த 1.2 காசிலிருந்து 15 காசாக உயர்த்தக் கேரள அரசு முன்மொழிந்தது. தீர்வை வேறு, வழிக்கூலி வேறு. முன்னது அரசின் வருவாய். பின்னது கம்பிக்கும் காவலுக்குமான விலை. இரண்டையும் மயங்கவிடுதல் கூடாது.

இங்கேதான் நம் அனைவர்க்கும் உரிய சிக்கல் எழுகிறது. கம்பி, மின்மாற்றி, பணியாளர் ஊதியம் ஆகியவை நிலையான செலவுகள். பெரிய ஆலைகள் சொந்த மின்சாரத்திற்கு மாறும்போது அச்செலவு மறைவதில்லை. எஞ்சியோர் தலையில் ஏறுகிறது. கூலி குறைந்தால் ஒற்றை விளக்குக் குடிசை பெருமுதலாளியின் வழிச்செலவைச் சுமக்கும். கூலி அளவு கடந்தாலோ, புதிய காற்றாடி எழாது. நிலக்கரிப் புகையே மிஞ்சும். 2013ஆம் ஆண்டின் இறுதியில் தென்மண்டலப் பின்னலும் நாட்டின் பெரும் பின்னலுடன் இணைந்துவிட்டது. சூரத்திலோ பூனாவிலோ வாழும் தமிழரின் வீட்டுச் சீட்டும் இக்கணக்கினின்று விலகியதன்று.

இன்று இக்கேள்வி கூரைமீதும் ஏறிவிட்டது. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு ஆணையம் கூரைச் சூரிய மின்சாரத்திற்கும் பின்னல் கட்டணம் வகுத்தது. சிறுதொழிலாளர் முறையிட, 2023இல் அரசு சலுகை அறிவித்தது. பகலில் ஈந்து இரவில் வாங்கும் இல்லத்தாரும் முப்பந்தல் ஆலை முதலாளியும் அளவால் வேறுபடினும் முறையால் ஒருவரே.

நம் முன்னோர் சாலையில் சுங்கம் தண்டினர். சாவடியிலே வண்டியையும் பாரத்தையும் கண்டு அளந்தனர். சுமைக்குத் தக்க கூலி கேட்டால் வழிச்செல்வோர் மனம் கசப்பதில்லை. மின்வழிக்கும் அந்நெறியே பொருந்தும். எத்தனை தொலைவு, எந்த நேரம், எவ்வளவு இருப்பு என்பவற்றை அளந்து, கணக்கை ஊரறிய வைத்து, முன்னரே அறிவித்து வாங்கும் கூலி நியாயமாகும். 2003ஆம் ஆண்டின் சட்டப்படி, ஆணையங்கள் கட்டணம் வகுக்குமுன் பொதுமக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். ஆலையின் வழக்கறிஞர் அங்கே தவறாமல் வருகிறார். ஒற்றை விளக்குக்காரரும் தம் மொழியில் எழுதி அனுப்புவாராயின், தராசின் மற்றத் தட்டும் வெறுமையாக இராது.