வெற்றிலைப் பெட்டியும் வாய் எரிச்சலும்

பண்டமாரானுக்கு அருகிலுள்ள கிள்ளான் துறைமுகம் 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்டது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர் பலர் அங்கேதான் கரையிறங்கினர். மூட்டையில் வேறு எது இல்லாவிட்டாலும் வெற்றிலை பாக்கு இருந்தது. பால்மரம் வெட்டிய களைப்புக்கு ஒரு வாய், பசிக்கு ஒரு வாய்!

வாய் புண்ணானால் வீட்டில் மணத்தக்காளிக் கீரை சமைப்பார்கள். மஞ்சள் நீரால் கொப்பளிக்கச் சொல்வார்கள். சில நாளில் ஆறிவிடும். (பெரும்பாலும் அது தானாகவே ஆறக்கூடிய புண்தான், பெயர் மட்டும் கைமருந்துக்கு.)

ஆறாத எரிச்சல் வேறு வகை. 1952இல் சுவார்ட்ஸ் என்ற மருத்துவர், நம்மைப் போலவே கடல் கடந்து கென்யாவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களிடம் அதைக் கண்டு எழுதினார். காரம் பட்டால் வாய் எரியும். உட்கன்னம் வெளுத்து நார்போல் இறுகும். நாளடைவில் வாயைத் திறக்க முடியாது. முதலில் சிலர் மிளகாயைச் சந்தேகித்தார்கள். பாவம், மிளகாய்! உண்மையான காரணம் பாக்கு என்பது பிறகு தெளிவாயிற்று. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்டது.

மஞ்சளை நாம் ஒதுக்கவில்லை. அதிலுள்ள குர்க்குமினை 1815லேயே பிரித்தெடுத்தார்கள். இக்காலச் சோதனைகள் சிலவற்றில் அது எரிச்சலைத் தணித்திருக்கிறது. ஆனால் இறுகிப்போன கன்னத்தை அது பழையபடி ஆக்கிவிடாது. பாக்கை மென்றுகொண்டே கொப்பளித்தால் பயனும் இல்லை.

வீட்டிலுள்ள பாட்டியிடம், மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டாலும், புண் இரண்டு வாரத்துக்குமேல் ஆறாவிட்டாலும் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.